பதில் வராத நேரத்துக்கும் சேர்த்து ஏபிஐ வடிவமைப்பது எப்படி: ஆத்தங்குடிக் கல் ஆர்டரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனம் 400 சதுர அடிக்கு ஆத்தங்குடிப் பூக்கல் (செட்டிநாட்டுத் தரைக்கல்) கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 வரும், ஆக 900 கல். நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து ஏபிஐ வழியே, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாசல் வழியே, கிளம்பிய கோரிக்கை பட்டறையின் சர்வரை அடைகிறது, ஆர்டர் பதிவாகிறது. பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துபோகிறது. 30 விநாடி காத்துப் பார்த்த மென்பொருள் அதையே மறுபடி அனுப்புகிறது. பட்டறைப் பலகையில் இப்போது 1800 கல் என்று நிற்கிறது.

கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, உலர்த்தி ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிற சரக்கு இது. ஒரு வீட்டுக்கென்று கலந்த வண்ணம் இன்னொரு வீட்டுத் தரையோடு அப்படியே பொருந்தாது. மிஞ்சிய 900 கல்லை யார் தலையில் கட்டுவது?

இந்தச் சிக்கலில் சர்வரில் பிழை இல்லை, கிளையன்ட்டிலும் (கோரிக்கை அனுப்பும் மென்பொருளிலும்) பிழை இல்லை. இரண்டுக்கும் நடுவே யாரும் எழுதி வைக்காத ஒரு நிலைமை இருந்தது, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி பதில் வராத நேரத்தை மையமாக வைத்தே போகிறது. ஏபிஐ முகவரிக்கு (யுஆர்எல்) பெயர் வைப்பது போன்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். அதில் தவறினால் அழகு கெடும், பணம் போகாது.

கோடுக்கு (நிரலுக்கு) முன்னால் ஒப்பந்தம்

நகரத்தார் திருமணங்களில் இரு வீட்டாரும் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுதிக்கொள்வார்கள். நல்ல காரியம் நடக்கும்போதே எழுத்தில் வைத்துவிடுவது பழக்கம். ஏபிஐக்கும் அதே வரிசைதான்: முதலில் ஓபன்ஏபிஐ (ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவம்) வடிவத்தில் ஒப்பந்தக் கோப்பு, அதற்குப் பிறகு கோடு. கோடை எழுதிவிட்டு அதிலிருந்து ஆவணத்தைக் கறந்தால், டேட்டாபேஸ் அட்டவணையின் உள் அமைப்பு அப்படியே வெளியே வந்து நிற்கும். நாளைக்கு அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் கூட வெளியாள் யாருடைய மென்பொருளாவது உடையும்.

பட்டறைக்குத் தேவையான பெயர்கள் கொஞ்சம்தான்: டிசைன்கள், ஆர்டர்கள், ஆர்டருக்குக் கீழே கட்டணங்கள். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறோம். ஏபிஐ முகவரியிலும் ஃபீல்டு (தகவல் பெட்டி) பெயரிலும் ஆங்கிலச் சிற்றெழுத்தையே பயன்படுத்துங்கள். முகவரியில் பெயர்ச்சொல் மட்டும் இருக்கட்டும், வினையை ஹெச்டிடிபி (வலையில் கோரிக்கையும் பதிலும் போகும் நெறி) முறை சொல்லும். பார்க்க கெட், புதிதாக உண்டாக்க போஸ்ட், முழுதாக மாற்றி வைக்க புட், ஒரு பகுதியை மாற்ற பேட்ச், நீக்க டெலீட்.

இந்த ஐந்தில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கெட், புட், டெலீட் மூன்றையும் எத்தனை தடவை அனுப்பினாலும் கடைசி நிலை ஒன்றேதான் என்று 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுக்கிறது. போஸ்ட்டுக்கும் பேட்ச்சுக்கும் அந்த உறுதி கிடையாது. நம் 900 கல் 1800 ஆனது அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஃபீல்டுகள்: அளவு, காசு, தேதி, பெயர்

"அளவு: 400" என்று வந்தால் அது சதுர அடியா, கல்லின் எண்ணிக்கையா? ஃபீல்டு பெயரிலேயே அலகு இருக்க வேண்டும்: பரப்பு_சதுரஅடி, எண்ணிக்கை, பக்கம்_அங்குலம். இரண்டையும் ஒரே ஆர்டரில் ஏற்றுக்கொண்டால் முரண்படும்போது எது செல்லும் என்ற கேள்வி வரும். ஒன்றை மட்டும் வாங்குங்கள். கணக்கிட்ட மற்றதைப் பதிலில் திருப்பிக் கொடுங்கள். 8 அங்குலத்துக்கு 900, 10 அங்குலத்துக்கு 576 என்று பதிலில் கண்ணால் பார்த்தால் அனுப்பியவருக்கே தவறு பிடிபடும்.

பணம் எப்போதும் பைசாவில், முழு எண்ணாக. ஒரு கல் 38.50 ரூபாய் என்றால் 3850. தசமத்தில் வைத்தால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.30000000000000004 தருகிற மிதவை எண் கணக்கு உள்ளே புகுந்துவிடும். வரியைக் கல்லுக்குக் கல் முழுமையாக்குவதா, மொத்தத்தில் ஒரே தடவையா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கல்லுக்கு அரைப் பைசா தள்ளினாலும் 900 கல்லில் 4.50 ரூபாய் இடிக்கும். ஆண்டு முடிவில் இரண்டு தரப்புக் கணக்காளர்களும் அந்த நாலரை ரூபாயைத் தேடி ஒரு நாளைத் தொலைப்பார்கள்.

ஆர்டர் எண் எழுத்துச் சரமாகவே போகட்டும், வெறும் இலக்கமாக இருந்தாலும். ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் வைத்துக்கொள்ளும் பெரிய முழு எண் 9007199254740991. அதைத் தாண்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறும். வேறொருவர் ஆர்டர் திறக்கும்.

நேரத்தோடு +05:30 சேர்த்தே எழுதுங்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஆர்டர் வருவது புதிதல்ல, அங்கே +08:00. ஆனால் "சரக்கு வந்து சேர வேண்டிய நாள்" என்பதை நேரமாக வைக்காதீர்கள், வெறும் தேதியாக வையுங்கள். நம் நள்ளிரவு 00:00 என்பது யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) முந்தைய நாள் 18:30. நேரமாகச் சேமித்த சர்வர் லாரியை ஒரு நாள் முன்னதாக அனுப்பச் சொல்லும்.

பெயருக்கு "முதல் பெயர், குடும்பப் பெயர்" என்று இரண்டு பெட்டி வைப்பது எங்கிருந்தோ வந்த பழக்கம். நகரத்தார் வீடுகளில் நான்கைந்து முன்னெழுத்துகள் சேர்ந்து விலாசம் என்ற குடும்ப அடையாளமாக நிற்கும். அதை எந்தப் பெட்டியில் திணிப்பது? ஒரே ஃபீல்டு, தாராளமான நீளம், போதும். அஞ்சல் முகவரியிலும் இதே கதை. செட்டிநாடு என்பது மாவட்டம் அல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டிலும் பரவிக் கிடக்கிறது. ஊர்ப் பெயரை அடையாளமாக நம்பாமல் அஞ்சல் குறியீட்டை வாங்குங்கள். காரைக்குடிக்கு 630001 என்பதை யாரும் நாலு விதமாக எழுத முடியாது. கானாடுகாத்தானை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள்.

தமிழ் எழுத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. வாங்குபவர் ஒருவர் "கொட்டான்" (ஓலைக் கூடை) என்ற பெயருள்ள டிசைனைத் தேடுகிறார். பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடலில் வரவில்லை. காரணம்: "கொ"வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. உள்ளே வரும் எல்லா உரையையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை ஒரே குறியீட்டு வரிசையாக்கும் வடிவம்) மாற்றிவிட்டுச் சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே. ஆனால் "கௌரி"யை "கெளரி" என்று ளகரம் போட்டு அடித்தவரை என்எஃப்சி காப்பாற்றாது. அதற்குத் தேடலில் தனி விதி எழுத வேண்டும். நீள வரம்பையும் எதில் எண்ணுகிறீர்கள் என்று சொல்லுங்கள். "கொட்டான்" கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோடில் 8 குறியீடு, யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 24 பைட்.

ஒரு விருப்பம், ஒரு சாவி

இனி முக்கியமான பகுதி. போஸ்ட் கோரிக்கை ஒவ்வொன்றோடும் கிளையன்ட் ஒரு தனிச் சாவியை ஹெடரில் (கோரிக்கையின் தலைப்புப் பகுதியில்) அனுப்ப வேண்டும். ஐடெம்பொட்டன்சி-கீ என்பது அதற்கு வழங்கும் பெயர். சாவி பழையது என்றால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல், முதல் தடவை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கும்.

கிளையன்ட் பக்கம் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், மறுமுயற்சிச் சுழலுக்கு உள்ளே சாவியை உண்டாக்குவதில். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி போனால் சாவி இல்லாததற்குச் சமம். பயனர் "ஆர்டர் கொடு" என்று அழுத்திய கணத்தில் சாவி பிறக்க வேண்டும், அனுப்புவதற்கு முன்னே வட்டில் எழுதப்பட வேண்டும். நடுவில் மின்சாரம் போய் வந்தாலும் அதே சாவி எழுந்து வரும்.

சர்வர் பக்கம் ஒரு அட்டவணை போதும். நெடுவரிசைகள்: கிளையன்ட் யார், சாவி, கோரிக்கை உடலின் (உள்ளடக்கத்தின்) ஹாஷ் எனும் சுருக்கக் கைரேகை, ஸ்டேட்டஸ் கோடு (பதிலின் நிலையைச் சொல்லும் எண்), கொடுத்த பதில், உண்டான நேரம். கிளையன்ட்டும் சாவியும் சேர்ந்த ஜோடிக்கு யுனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டாம் தடவை நுழையாமல் டேட்டாபேஸ் தடுக்கும் ஏற்பாடு) கட்டாயம். "இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று கோடில் எழுதினால், ஒரே மில்லி விநாடியில் வரும் இரண்டு கோரிக்கையும் "இல்லை" என்ற பதிலைப் பெற்று இரண்டும் எழுதும். முதலில் எழுதப் பாருங்கள். டேட்டாபேஸ் மறுத்தால் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.

வரிசை இப்படி. கோரிக்கையின் வடிவம் சரியா என்று முதலில் சோதிக்கவும். தவறென்றால் சாவியைப் பதியாமலே திருப்பவும், இல்லாவிட்டால் திருத்தி அனுப்புகிறவர் பழைய சாவியில் மாட்டிக்கொள்வார். பிறகு ஒரு டிரான்சாக்‌ஷனை (எல்லாம் சேர்ந்து முடியும் அல்லது எதுவுமே நடக்காத தொகுதி) திறந்து, சாவி வரியை எழுதி, ஆர்டரை எழுதி, பதிலைச் சாவி வரியில் சேமித்து, மூன்றையும் ஒன்றாக முடிக்கவும். நடுவில் சர்வர் விழுந்தால் மூன்றும் சேர்ந்து மறையும், பாதியில் தொங்குவது இருக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதே சாவியோடு வரும் இரண்டாவது கோரிக்கை, முதலாவது முடியும்வரை யுனிக் இன்டெக்ஸில் தானாகவே காத்து நிற்கும்.

அதே சாவியில் வேறு உடல் வந்தால்? ஹாஷ் பொருந்தாது, 422 (கோரிக்கையை ஏற்க முடியாது) கொடுங்கள். பழைய பதிலைத் திருப்பிக் கொடுத்தால் 300 கல் கேட்டவருக்கு 900 கல் ஆர்டரின் பதில் போகும். 503 (சேவை இப்போது இல்லை) போன்ற தற்காலிகத் தோல்வியைச் சாவியோடு சேமிக்கவே கூடாது. சேமித்தால் அந்தச் சாவிக்கு ஆயுள் முழுக்க 503தான்.

கட்டணம் வாங்கும் இடத்தில் டிரான்சாக்‌ஷன் மட்டும் போதாது. பேமெண்ட் கேட்வே (பணம் வசூலிக்கும் சேவை) உங்கள் டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கிறது. "இந்த ஆர்டருக்கு இவ்வளவு வாங்கப் போகிறேன்" என்று எழுதி முடித்துவிட்டு, அந்தப் பதிவின் எண்ணையே சாவியாகக் கொடுத்து கேட்வேயைக் கூப்பிட்டு, வந்த பதிலைத் தனியாக எழுதவும். நடுவில் விழுந்தால் எழுந்ததும் முடிவு தெரியாத பதிவுகளை எடுத்து கேட்வேயிடம் நிலைமை கேட்கலாம். பணம் திரும்பக் கொடுத்தால் பழைய கட்டணத்தை அழிக்காதீர்கள். பேரேட்டில் எழுதியதை யாரும் கிழிப்பதில்லை, எதிர்ப்பதிவுதான் போடுவார்கள். ஏபிஐயிலும் ரீஃபண்ட் ஒரு புதிய பதிவு.

சாவியை எத்தனை நாள் வைப்பது? 24 மணி நேரம் குறைந்தபட்சம். இணைப்பு வந்ததும் சேர்த்து அனுப்பும் மொபைல் செயலி இருந்தால் 7 நாள் வையுங்கள். வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணுக்கும் கிளையன்ட் வாரியாக ஒரு யுனிக் இன்டெக்ஸ் போட்டுவிடலாம். சாவி காலாவதியான பிறகும் அது காவல் நிற்கும், செலவும் இல்லை.

தவறைச் சொல்லும் முறை

200 (வெற்றி) என்ற ஸ்டேட்டஸ் கோடைக் கொடுத்துவிட்டுப் பதிலின் உடலுக்குள் "தோல்வி" என்று எழுதுவதுதான் ஏபிஐ உலகின் மோசமான பழக்கம். கண்காணிப்பு, கேஷ் (பதிலைத் தற்காலிகமாகச் சேமிக்கும் இடம்), மறுமுயற்சி நூலகம் எல்லாம் ஸ்டேட்டஸ் கோடை நம்பியே ஓடுகின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுகிறீர்கள்.

உடலின் வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். 2023இல் வந்த ஆர்எஃப்சி 9457 அதற்கென்றே இருக்கிறது: டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெய்ல், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து ஃபீல்டு. நீங்கள் இரண்டைக் கூட்டுங்கள்: எந்த ஃபீல்டில் என்ன கோளாறு என்ற பட்டியல், கோரிக்கை எண். "தவறான கோரிக்கை" என்பதைப் படித்தவருக்கு ஒன்றும் ஓடாது. "பக்கம்_அங்குலம் 9 என்று வந்திருக்கிறது, இந்த டிசைனுக்கு 8, 10, 12 மட்டும்" என்றால் தொலைபேசி அழைப்பு மிச்சம். ஒரே பதிலில் எல்லாத் தவறுகளையும் சொல்லுங்கள். ஒன்றைத் திருத்தி அனுப்ப இன்னொன்று என்று ஐந்து தடவை அலைய விடுவது அரசு அலுவலக வரிசை போல ஆகிவிடும்.

மறுபடி அனுப்பலாமா கூடாதா என்பதை ஸ்டேட்டஸ் கோடே சொல்ல வேண்டும். 400, 401, 403, 404, 422 வந்தால் அதையே அனுப்பிப் பயனில்லை. 429, 502, 503, 504 வந்தால் அதே சாவியோடு பிறகு வரலாம். 500 வந்தால் சாவி இருந்தால் மட்டும். 429க்கும் 503க்கும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் விநாடியைக் கொடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தோன்றிய வேகத்தில் தட்டுவார்கள்.

காத்திருப்பு

மறுமுயற்சி இடைவெளி 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டிக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே குலுக்கிப் போட்ட நேரம் காத்திருக்கட்டும். குலுக்காவிட்டால் என்ன ஆகும்? மின்தடை முடிந்து ஊர் முழுக்க ரௌட்டர்கள் ஒரே நிமிடத்தில் உயிர் பெறும்போது எல்லாக் கிளையன்ட்டும் ஒரே விநாடியில் கதவைத் தட்டும், விழும், மறுபடி ஒரே விநாடியில் தட்டும். மறுமுயற்சியை ஒரே அடுக்கில் வையுங்கள். மூன்று அடுக்கும் தலா மூன்று தடவை முயன்றால் டேட்டாபேஸுக்கு 27 கோரிக்கை போகும்.

டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) வெளியிலிருந்து உள்ளே போகப் போகக் குறைய வேண்டும்: கிளையன்ட் 30 விநாடி, முன்வாசல் கேட்வே 25, செயலி 20, டேட்டாபேஸ் 15. தலைகீழாக இருந்தால் கேட்டவர் போன பிறகும் உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

கல் வார்த்து, ஊறி, உலர நாள் கணக்கு ஆகும். அதை ஒரே கோரிக்கையில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆர்டரை ஏற்றதும் 201 (உண்டானது), பிறகு நிலை என்ற ஃபீல்டு மாறிக்கொண்டே வரும்: பதிவானது, வார்ப்பில், தொட்டியில், உலர்த்தலில், அனுப்பியது. நாளைக்குப் புதிதாக "சோதனையில்" என்று ஒன்று சேரலாம். தெரியாத நிலை வந்தால் கிளையன்ட் உடையாமல் "நடப்பில்" என்று காட்ட வேண்டும் என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டு பேர் ஒரே ஆர்டரைத் திருத்தும்போது மோதாமல் காக்க இடேக் (ஆர்டரின் பதிப்பைக் குறிக்கும் முத்திரை) உண்டு. ஆர்டரைப் படிக்கும்போது வந்த இடேக்கைத் திருத்தும்போது இஃப்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் வேறொருவர் மாற்றியிருந்தால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை). பட்டியல்களுக்கு "500 தள்ளி 50 கொடு" என்ற முறை வேண்டாம். புரட்டும்போதே புது ஆர்டர் மேலே விழுந்தால் ஒரே வரி இரண்டு பக்கத்தில் வரும். கடைசியாகப் பார்த்த வரியைக் குறிக்கும் கர்சரைக் கொடுங்கள், உண்டான நேரத்தோடு ஆர்டர் எண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்.

வெப்ஹூக்

நிலை மாறியதும் வாங்குபவரின் சர்வரை நீங்களே கூப்பிடும் ஏற்பாடு. இங்கே நீங்கள்தான் கிளையன்ட், மேலே சொன்ன கஷ்டமெல்லாம் இப்போது உங்களுக்கு. ஒரே நிகழ்வு இரண்டு தடவை போகலாம், "உலர்த்தலில்" என்பது "தொட்டியில்" என்பதற்கு முன்னே போய்ச் சேரலாம். அதனால் ஒவ்வொன்றுக்கும் நிகழ்வு எண் கொடுங்கள். உடலில் ஆர்டர் எண்ணையும் நிகழ்வின் வகையையும் மட்டும் வைத்து, இன்றைய நிலையை கெட் போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேரமுத்திரையும் உடலும் சேர்ந்த சரத்தை ஹெச்மேக் எஸ்ஹெச்ஏ-256 (ரகசியச் சாவி வைத்து ஒப்பமிடும் முறை) கொண்டு ஒப்பமிடுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் பழையதை வாங்குபவர் தள்ளட்டும். ஒப்பம் பொருந்தவில்லை என்று வரும் புகாரில் தமிழ் உரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வந்த பைட்டை அப்படியே சோதிக்காமல், ஜேசனை (உடல் எழுதப்பட்ட தரவு வடிவம்) பிரித்து மறுபடி கட்டிச் சோதிப்பார்கள். சில நூலகங்கள் தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாக மாற்றி எழுதும், சில அப்படியே விடும். ஆங்கில உரையில் மாதக் கணக்கில் ஓடிய சோதனை, "கொட்டான்" வந்த அன்று விழும்.

மாற்றம் வரும்போது

புதிய ஃபீல்டு சேர்ப்பது பழையவரை உடைக்காது. பெயர் மாற்றுவது, எண்ணைச் சரமாக்குவது, விருப்பமாக இருந்ததைக் கட்டாயமாக்குவது மூன்றும் உடைக்கும். இதைவிட ஆபத்தானது பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மாற்றுவது. "விலை" என்பதில் நேற்றுவரை வரி இல்லை, இன்று உண்டு. எந்தச் சோதனையும் பிடிக்காது, பில் மட்டும் ஏறும். பழையதை நிறுத்துவதானால் 2019இன் ஆர்எஃப்சி 8594 தரும் சன்செட் ஹெடரில் தேதி கொடுங்கள். யார் இன்னும் பழையதைக் கூப்பிடுகிறார் என்று கிளையன்ட் வாரியாகப் பதிவு செய்து நேரே பேசுங்கள். சொல்லிவிட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணைத்துப் பாருங்கள். மின்னஞ்சலைத் திறக்காதவர்கள் எல்லோரும் தொடர்பில் வந்துவிடுவார்கள்.

கடைசிச் சோதனை

ஆவணத்தைச் சோதிக்க எழுதியவர்கள் உதவ மாட்டார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும், இந்த ஏபிஐயை இதுவரை பார்க்காத மாணவர் ஒருவரிடம் சோதனைக்கான நுழைவுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். 10 நிமிடத்தில் முதல் ஆர்டர் போக வேண்டும். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே ஆவணத்தில் ஒரு எடுத்துக்காட்டு குறைகிறது.

சாண்ட்பாக்ஸில் (சோதனைச் சூழலில்) வெற்றி மட்டும் வைக்காதீர்கள். வேண்டுமென்றே தோற்கிற டிசைன் எண்கள் சிலவற்றை ஒதுக்குங்கள்: ஒன்றுக்கு எப்போதும் 422, ஒன்றுக்கு முதல் இரண்டு தடவை 503, மூன்றாவது தடவை 201. இன்னொன்று கட்டாயம் வேண்டும்: ஆர்டரை உள்ளே பதிவு செய்துவிட்டுப் பதிலே கொடுக்காமல் இணைப்பை அறுக்கிற எண். அந்த எண்ணுக்கு 900 கல் ஆர்டர் அனுப்பி, மென்பொருள் தானாக மறுபடி முயன்று முடித்த பிறகு, ஆர்டர் பட்டியலை கெட் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரே வரி, 900 என்று வந்தால் உண்மையான ஏபிஐக்கான நுழைவுச் சாவியைக் கொடுக்கலாம். இரண்டு வரி வந்தால், ஐடெம்பொட்டன்சி-கீ எந்த இடத்தில் உண்டாகிறது என்று அவர்கள் மறுமுயற்சிச் சுழலைத் திறந்து பார்க்கட்டும்.